எம் இல்லத்து மண்ணுளி

பாம்பென்றாற் படையும் நடுங்கும் என்பது முதுமொழி. எம் இல்லத்திலோ சென்ற கார்த்திகைத் திங்களில் ஒரு பாம்பின்பொருட்டுக் குடும்பம் முழுவதும் நடுங்கிற்று. அது கடித்துவிடும் என்றன்று, மாண்டுவிடும் என்று. அதனை எழுதித் தருமாறு இச்சஞ்சிகையின் தமிழ்ப் பகுதியைப் பார்க்கும் ஆசிரியர் பணித்தார். நாணுதற்குரிய செய்தி சில அதனுள் இருத்தலின் முதலில் தயங்கினோம். மறைத்தெழுதின் எழுதுதலே வீண் என்று பின்னர்த் தேறி, நடந்தவாறே எழுதுகின்றோம்.

சிவகாசிக்கும் சாத்தூருக்கும் இடையே உள்ளது எம் ஊர். கண்ணுக்கெட்டிய மட்டும் கரிசல். இடையிடையே கருவேலும், சுற்றுச்சுவருக்குள்ளே ஒன்றுக்கொன்று விலகி நிற்கும் சிற்றறைகளையுடைய பட்டாசுச் சாலைகளும். ஓடையோரத்தில் மாத்திரம் மணற்பாங்கான புஞ்சை சிறிது உண்டு. ஆடி மாதத்தில் எம் சிற்றப்பா அதனை உழுவித்தபொழுது, டிராக்டரின் கொழுவிற்குத் தப்பி ஒரு மண்ணுளிப் பாம்பு மேலே புரண்டது. உழுதவர் கல்லெடுத்தார். எட்டாம் வகுப்பிற் படிக்கும் எம் தம்பி குறுக்கே விழுந்து தடுத்து, தன் சட்டையைக் கழற்றி அதிற் சுற்றி வீட்டிற்குக் கொணர்ந்துவிட்டான். அப்பத்தா தலையில் அடித்துக்கொண்டார். மண்ணுளி நக்கினாற் குட்டம் வரும் என்பது எம் பக்கத்து நம்பிக்கை. நான்கு நாள் வரை தம்பியின் கைபட்ட பாத்திரத்தை அவர் தொடவில்லை.

மண்ணுளியைப் பாராதார்க்குச் சிறிது கூறுவோம். எமக்குக் கிடைத்தது ஏறக்குறைய இரண்டு முழ நீளம், செம்பழுப்பு நிறம், உருண்டு தடித்த உடல். இதன் வால் ஏனைய பாம்புகளின் வால்போற் சிறுத்து முடியாது, மழுக்கிய கட்டைபோல் முடியும். கழுத்தென்று தனியே ஒன்று தோன்றாமையால், எது தலை, எது வால் என்று முதற் பார்வையில் எவரும் மயங்குவர். இருதலைப் பாம்பு என்னும் பெயர் வந்தது இதனாலேயே. அச்சமுறின் தலையை உடலின்கீழ் மறைத்துக்கொண்டு வாலை உயர்த்திக் காட்டும். அடி வாலில் விழ, தலை பிழைக்கும். இதற்கு நஞ்சில்லை. எலியைச் சுற்றி இறுக்கிக் கொன்று விழுங்கும். முட்டையிடாது, குட்டியீனும். உழவனுக்கு இதனினும் நல்ல கூலியில்லா ஆள் கிடைப்பதரிது.

இதன் சாத்திரப் பெயருக்குள் ஒரு பாதிரியார் இருக்கின்றார் என்று நம் விலங்கியற் பேராசிரியர் கூற, யாம் வியந்தோம். எரிக்ஸ் ஜானியை என்பது அப்பெயர். தரங்கம்பாடி மிஷனில் ஊழியஞ்செய்து, பள்ளிகள் நடத்தி, ஓய்ந்த வேளையில் நம் கடற்கரை மீன்களைச் சேகரித்து ஐரோப்பிய அறிஞர்க்கு அனுப்பி வந்த கிறிஸ்தோப் சாமுவேல் ஜான் என்னும் ஜெர்மானியக் குருவை நினைந்து இட்ட பெயர் அது. இட்டவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கைநூலறிஞராயிருந்த பாட்ரிக் ரஸ்ஸல்; ஆண்டு 1801. சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி 1796-இல் பெரியதொரு நூலைத் தொடங்கியவர் அவரே. ஏதேன் தோட்டத்துக் கதையைப் போதித்த ஒரு குருவின் பெயரைச் சுமந்து ஒரு பாம்பு நம் கரிசலிற் புரள்வதை எண்ணுந்தோறும் எமக்குப் புன்னகை வரும். தம்பி அதற்கு ஜான் என்றே பெயரிட்டான். அது பெண் பாம்பென்று பின்னரே தெரிந்தது.

நிற்க. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இப்பாம்பைப் பிடித்தலும் வீட்டில் வைத்தலும் குற்றமாம். தம்பி அதனை அறியான். யாமோ அறிந்திருந்தோம்; வகுப்பிற் குறிப்பெடுத்தும் இருந்தோம். ஆயினும், வார இறுதியில் விடுதியினின்று வீடு சென்றபொழுதெல்லாம், பொறியிற் சிக்கிய சுண்டெலியை அவன் பானைக்குள் விடுவதையும், மணலினின்று ஒரு தலை மெல்ல எழுவதையும் குந்தியிருந்து பார்த்தோமேயன்றி, ஒரு சொல் சொன்னோமில்லை. எமது முதற் பிழை இது.

அரை வயிறு மணல் நிரப்பிய பெரிய மட்பானையொன்று அதன் வீடு. பானையின் வாய்க்கு இரும்பு வலை கட்டியிருந்தான். ஆவணி, புரட்டாசி இரண்டிலும் நன்றாகவே தின்றது. ஐப்பசியில் அடைமழை பிடித்தது. பாம்புக்குத் தாகமெடுக்குமே என்று தம்பி மணலை நனைத்து வந்தான். ஈரமும் குளிருமான மணலில் இருக்க விரும்பாது, அது இராமுழுதும் மேலேறி வலையில் மூக்கை உராய்ந்திருக்கின்றது. தீபாவளி கழிந்த வாரம் சுண்டெலியைத் தொடவில்லை. அடுத்த வாரமும் இல்லை. பாம்பு வாரக்கணக்கில் உண்ணாதிருத்தல் இயல்பே என்று படித்ததை நினைந்து வாளாவிருந்தோம். கார்த்திகை முதல் வாரத்தில் யாம் சென்று பார்த்தபொழுது உதடு தடித்து, வாய் முற்றும் மூடாது, ஈற்றிற் செம்புள்ளிகளும், அவற்றின்மேல் தயிர்க்கட்டி போன்ற சீழும் காணப்பட்டன. தம்பி, "அண்ணே, பல் விழுந்துகிட்டு இருக்கு" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினான். ஊசிமுனை போன்ற பல் இரண்டு அதில் இருந்தன.

தீபாவளிக்குப் பிந்திய நாட்கள் எம் பக்கத்தார்க்கு எத்தகையன என்பதை அயலூர் நண்பர்கள் அறியமாட்டார்கள். ஊரெல்லாம் வெடித்து மகிழ்ந்தபின் பட்டாசுச் சாலைகளின் கதவுகள் மூடப்படும். மீண்டும் திறக்கும்வரை கூலியில்லை. 2018-இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்களையும் சரவெடியையும் விலக்கியபின் எம் தந்தையார் செய்துவந்த வேலையும் சுருங்கிற்று. வீட்டிலிருந்து அன்னையார் காகிதக் குழாய் உருட்டுவதே அம்மாதத்து வருவாய். வாரவட்டிக்காரர் வாயிலில் நிற்கும் மாதமும் அதுவே.

அந்நிலையில் ஒரு தரகர் வந்தார். மண்ணுளியைப் பற்றி நாட்டில் ஒரு மூடக் கூற்று உலவுகின்றது: இதனை வீட்டில் வைத்தாற் புதையல் கிட்டுமாம், தீரா நோய்களுக்கு மருந்தாகுமாம், அயல்நாட்டார் இலட்சக்கணக்கிற் கொடுத்து வாங்குவராம். இவற்றுள் ஒன்றுக்கேனும் சான்றில்லை. ஆயினும் இதனைக் கடத்தினோரைப் பிடித்த செய்தி ஆண்டுதோறும் நாளிதழில் வரும். விலையை எடைகொண்டு மதித்தலின், எடை கூட்டற்பொருட்டு இதன் வாயிற் குண்டுகளைத் திணிப்பாரும் உளர் எனக் கேட்டிருக்கின்றோம். வந்தவர் பாம்பைத் தூக்கிப் பார்த்தார். வாயைப் பிளந்து பார்த்தார். "வாய் அழுகிடுச்சு, பாதி விலைதான்" என்றார். அப்பாதியே எம் தந்தையாரின் ஆறு மாதக் கூலிக்கு மேற்பட்டது. ஞாயிறு காலை பணத்தோடு வருவதாகக் கூறிச் சென்றார். தந்தையார் ஒன்றும் பேசவில்லை, மறுக்கவுமில்லை.

அன்றிரவு இரண்டாம் பிழையைச் செய்தோம். உண்ணாது கிடக்கும் உயிரைக் கண்டு அப்பத்தாவின் மனம் இளகிற்று. குட்டம் வரும் என்றவரே பசும்பாலைக் காய்ச்சி ஆற்றி, எம் இருவருக்கும் குழவிப்பருவத்திற் பாலூட்டிய சங்கை எடுத்துவந்தார். பாம்பு பால் குடிக்காது, அதன் குடல் பாலைச் செரிக்காது என்று பலர் கூறக் கேட்டிருந்தும், முதியவரின் கையைத் தடுக்க மனம் வரவில்லை. தலையைப் பிடித்தவர் யாமே. பாம்பின் மூச்சுக்குழல் தொண்டையின் ஆழத்தில் இல்லை. வாயின் அடித்தளத்தில் முன்பக்கத்திலேயே திறந்திருக்கும். ஊற்றிய பால் எங்குச் சென்றிருக்கும் என்று சொல்ல வேண்டுவதில்லை. பாம்புக்கு உதரவிதானம் இல்லாமையால் இருமி வெளியேற்றவும் அதனால் இயலாது. வைகறையில் வாயைத் திறந்தபடி தலையை நிமிர்த்திக் கிடந்தது. மூக்கில் நுரைக்குமிழ் தோன்றித் தோன்றி உடைந்தது.

வெள்ளிக்கிழமை அதனைப் பையில் வைத்துக்கொண்டு கால்நடை மருத்துவரைத் தேடிச் சென்றோம். ஓரிடத்தில் ஆடு மாடு மட்டுமே பார்ப்பதாகக் கூறினர். அது மெய்யே, அங்கு நின்ற வரிசையும் ஆடு மாடுகளின் வரிசையே. வடநெம்மேலியில் 1978-இல் இருளர் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தையும், கிண்டியிலுள்ள பாம்புப் பண்ணையையும் நினைந்தோம். பாம்பை அறிந்த கைகள் அங்குண்டு; ஆயின் அவை முந்நூறு மைலுக்கப்பால். மாலையில் மற்றொரு மருத்துவர், இளம்பெண்மணி, பையைத் திறக்கச் சொன்னார். அயடின் கலந்த நீரிற் பஞ்சை நனைத்துச் சீழைத் துடைத்துக்கொண்டே பேசினார். பாம்பின் உடல் தானே சூடு உண்டாக்கிக்கொள்ளாது; சூழலின் சூட்டையே வாங்கும்; குளிரிற் கிடந்தால் நோயை எதிர்க்கும் ஆற்றலும் குன்றும், மருந்தும் வேலை செய்யாது; ஆதலின் உலர்ந்த துணியும் முப்பது டிகிரி வெப்பமுமே முதல் மருந்து, இரை கூடாது, பால் கூடவே கூடாது என்றார். யாம் தலைகுனிந்தோம்.

கைகழுவியபின் அவர் கூறியது இது: "தம்பி, ஊசி போடவேண்டும்; பல முறை போடவேண்டும். ஆனால் இது உங்கள் பாம்பு அன்று. வனத்துறையிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அவர்கள் கொண்டுவந்தால் எந்த நேரமானாலும் பார்க்கிறேன்."

வீட்டில் அன்றிரவு நடந்த பேச்சு நீண்டது. வழக்கு வந்தாற் கலாசாலைப் படிப்பு என்னாகும் என்றார் அன்னையார். சத்தமின்றி ஓடைக்கரையில் விட்டுவிடலாம் என்றார் சிற்றப்பா. மழையிற் குளிர்ந்த மண்ணில் விட்டால் ஓரிரவு தாங்காதென்பது எமக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. அனைவரும் அதனையே எண்ணிக்கொண்டிருந்தோம். தம்பி மாத்திரம் பானையருகினின்று எழவில்லை.

சூடு கொடுப்பதும் எளிதாயில்லை. விளக்கு வைக்கலாமென்றால், கூடம் நிறையக் காகிதக் குழாய்கள். முப்பது ஆண்டு மருந்தறையில் வேலை செய்தவர் எம் தந்தையார். வெப்பம் என்ற சொல்லே அவருக்கு ஆகாது. வெந்நீரைப் போத்தலில் அடைத்துத் துணி சுற்றி வைத்தோம். இரண்டு மணிக்கொருமுறை மாற்றவேண்டியிருந்தது. முதல் முறை யாம் மாற்றினோம். இரண்டாம் முறைக்கு விழிக்கவில்லை. திடுக்கிட்டு எழுந்தபொழுது மணி மூன்று. அடுப்படியில் வெளிச்சம். தந்தையார் அடுப்பின்முன் குந்தி, போத்தலைக் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார். எம்மைக் கண்டதும், "காலையில போன் பண்ணிச் சொல்லிருப்பா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை முற்பகலில் வனத்துறையார் இருவர் வந்தனர். தம்பியை அவர்கள் அதட்டவில்லை. வீட்டிலுள்ள அறிந்தவர் யார் என்று கேட்டனர். யாமே என்று கூறி, வாக்குமூலத்தில் எம் பெயரையிட்டுக் கையொப்பமிட்டோம். தரகரைப் பற்றியும் கேட்டனர், அறிந்தவரை கூறினோம். ஞாயிறன்று அவர் வரவில்லை. ஊரிற் செய்தி எம்மினும் விரைந்து செல்லும் போலும். அவ்வாக்குமூலத்தின்மேல் எமக்கு இதுவரை அழைப்பு வரவில்லை; வரின் செல்வோம்.

அவர்கள் பாம்பை அதே மருத்துவரிடம் கொண்டுசென்றனர். செப்டாசிடிம் என்னும் மருந்தை மூன்று நாளைக்கொருமுறை செலுத்தினார். மாட்டுக்கு நாள்தோறும் ஊசி, பாம்புக்கு மூன்று நாளைக்கொன்றா என்று தம்பி ஐயுற்றான். அதன் உடல் மெல்ல இயங்குவது. மருந்தையும் மெல்லவே கழிக்கும். ஊசியை உடலின் முற்பாதியிலேயே போடவேண்டுமாம். பிற்பாதியின் இரத்தம் சிறுநீரகத்தின் வழியே செல்லுதலின், மருந்து பயன்படுமுன் வடிந்துவிடலாம் என்றார். இரண்டாம் ஊசிக்குப்பின் வாய்ப்புண் ஆறத் தொடங்கிற்று. உதட்டின் வீக்கம் வடிந்து வாய் மூடிற்று என்று வனக்காவலர் தொலைபேசியிற் கூறியபொழுது, அப்பத்தா திருவிளக்கின்முன் சென்று நின்றார்.

மூன்றாம் ஊசிக்கு மறுநாள் அது இறந்தது. வாய் ஆறியது, நுரையீரல் ஆறவில்லை. சட்டப்படி அறுத்துப் பார்த்து எரித்துவிட்டனர். எரிக்குமிடத்திற்குத் தம்பி வரலாமா என்று கேட்டோம், விதி இடந்தரவில்லை. சில நாள் கழித்து மருத்துவரைக் கண்டு, பாலினால்தானா என்று கேட்டோம். குளிர், ஈரம், வலை, நாட்கடத்தியது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மீண்டும் கேட்டோம். "பாலும்தான்" என்றார். அதனை அப்பத்தாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் இச்சஞ்சிகையைப் படிக்கமாட்டார்.

தை பிறந்தபின் பட்டாசுச் சாலைகள் பழையபடி ஓடலாயின. தம்பி மணலைச் சுமந்துசென்று ஓடைக்கரைப் புஞ்சையிற் கொட்டினான். உழுதவர், "இங்ஙன இன்னொண்ணு கெடக்கு, நேத்துத்தான் பாத்தேன்" என்று சொல்ல, இவன் எட்டிக்கூடப் பாராது திரும்பிவிட்டானாம். பானையைச் சமையலுக்கெடுக்க அப்பத்தா இசையவில்லை. அதிற் கோழி அடை வைத்திருக்கின்றார்.