மழைக்கு முன் எந்தக் கரை?



கப்பலூர் என்னும் பெயரைக் கேட்டு, அது ஏதோ துறைமுகப்பட்டினம் என்று எண்ணிவிடாதீர்கள். மதுரைக்குத் தெற்கே, திருமங்கலத்தை எட்டுவதற்குச் சற்று முன்பாக, நான்குவழிச் சாலையிலிருந்து சுற்றுச் சாலை பிரியும் இடத்தில், சிட்கோ தொழிற்பேட்டையை ஒட்டி அமைந்திருக்கிறது எங்கள் ஊர். பெயரில்தான் கப்பல் இருக்கிறது. கடலைக் காண வேண்டுமாயின் எத்திசையில் சென்றாலும் நூறு கிலோமீட்டருக்குமேல் பயணம் செய்தாக வேண்டும்.

என் தாயாருக்கு வயது எழுபத்தொன்று. சென்ற ஆண்டு அவருடைய மூட்டுவலி முற்றிவிட்டது. தை மாதத்திற்குள் அறுவைச் சிகிச்சை செய்தாக வேண்டும் என்று மருத்துவர் கூறிவிட்டார். அன்றிரவு அம்மா சொன்ன சொல் எங்கள் அனைவரையும் அசைத்துவிட்டது. "நாகூர் போனபோது பஸ் சன்னல் வழியாகக் கடலைப் பார்த்ததோடு சரி. ஒரு தடவைகூட அதில் கால் நனைத்ததில்லை. கத்தி வைப்பதற்கு முன்னால் அதைச் செய்துவிட வேண்டும்" என்றார்.

பிள்ளைகளுக்குக் காலாண்டு விடுமுறை. எனக்குத் தொழிற்சாலையில் கிடைத்தது நான்கு நாள் விடுப்பு. எந்த ஊரில் தங்குவது? இந்த ஒரு கேள்விக்கு விடை காண எங்கள் வீட்டில் ஒரு வாரம் ஆயிற்று. உங்களுள் பலருக்கும் இத்தகைய சூழ்நிலை வரக்கூடும். ஆதலால் நாங்கள் எண்ணிப் பார்த்தவற்றை உங்கள்முன் வைக்கிறேன்.

காலமும் காற்றும்

முதலில் காலத்தைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். அதற்கு முந்திய புரட்டாசி நாட்களே கரையோரம் தங்குவதற்கு ஏற்றவை. மழைக்காலத்தில் சென்று பார்த்துக்கொள்ளலாம் என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். 2023ஆம் ஆண்டு டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை யார் மறக்க முடியும்? அவ்வட்டாரம் ஓராண்டு முழுவதும் பெறும் மழையைவிட அது மிகுதி.

அடுத்து, கடலைப் பாருங்கள். நம் பக்கத்தில் கடல் இரண்டு. தொண்டியும் தேவிபட்டினமும் பாக் விரிகுடாவின் கரையில் இருக்கின்றன. கீழக்கரையும் காயல்பட்டினமும் மன்னார் வளைகுடாவின் கரையில் இருக்கின்றன. இராமேசுவரம் தீவில் வடகடலைப் பெண்கடல் என்றும், தென்கடலை ஆண்கடல் என்றும் மீனவர்கள் அழைப்பர். ஆனால் பெயரைக் கொண்டு ஏமாறக்கூடாது. வாடைக்காற்று வீசத் தொடங்கிவிட்டால் அமைதியான வடகடல் கொந்தளிக்கும். தென்கடல் ஓரளவு அடங்கும். எனவே, மழை முந்திக்கொண்டு வந்தாலும் வளைகுடாக் கரையே மேல் என்று முடிவு செய்தோம்.

மூன்று ஊர்கள்

தொண்டி, சிவகங்கை, திருவாடானை வழியாக நேரே செல்லக்கூடிய ஊர். மூன்றிலும் அருகில் இருப்பது அதுவே. ஆழமில்லாத கடல். எனினும் மேலே சொன்ன காற்றின் காரணமாக அதைத் தள்ளி வைத்தோம்.

கீழக்கரைக்கு இராமநாதபுரம் சென்று, அங்கிருந்து தெற்கே பதினேழு கிலோமீட்டர் அளவில் செல்ல வேண்டும். வரலாற்றை விரும்புவோர் தவறவிடக்கூடாத ஊர் இது. உமறுப் புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதியின் ஊர். சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்கள் அடங்கியிருக்கும் ஊர். கற்றூண்கள் நிரம்பிய ஜும்ஆப் பள்ளியைப் பார்க்கும்போது நம் நாட்டுச் சிற்பிகளின் கைவண்ணம் கண்ணில் நிற்கும். அருகிலுள்ள பெரியபட்டினத்தில் 1980களில் நடந்த அகழாய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. இபுனு பதூதா "பத்தன்" என்று குறிப்பிடும் துறைமுகம் இதுவாகவே இருக்கலாம் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. ஊருக்கு எதிரே கடலில் பவளத்தீவுகள் இருக்கின்றன. அவை 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுபவை. நினைத்தவுடன் படகேறிச் சென்றுவிட முடியாது. திரும்பும்போது கீழக்கரைத் தொதல் வாங்காமல் வந்தால் வீட்டில் வரவேற்பு இராது!

காயல்பட்டினம் எங்களுக்குத் தொலைவு. 170 கிலோமீட்டருக்குக் குறையாது. தூத்துக்குடி சென்று கடலோரமாகத் தெற்கே இறங்க வேண்டும். ரயிலில் செல்வோர் திருமங்கலத்தில் ஏறி, திருநெல்வேலியில் திருச்செந்தூர் வண்டிக்கு மாறினால் ஊருக்குள்ளேயே இறங்கலாம். தங்கும் விடுதிகள் சிலவே. அறை கிடைக்காதவர்களுக்குத் திருச்செந்தூர் பக்கத்திலேயே இருக்கிறது.

அவள் கேட்ட கேள்வி

தொலைவையும் செலவையும் நானும் தம்பியும் தாளில் கூட்டிக்கொண்டிருந்தோம். கீழக்கரைதான் என்று ஏறத்தாழ முடிவாகிவிட்டது. அப்போது என் மனைவி கேட்டாள்: "நீங்கள் பள்ளியைப் பார்ப்பீர்கள், கடைத்தெருவைச் சுற்றுவீர்கள். நாங்கள் என்ன செய்வோம்? இந்த அறையை விட்டு அந்த அறையில் போய் உட்காருவோமா? அம்மா எந்த இடத்தில் கால் நனைப்பார்?"

வாசக சகோதரர்களே, எங்கள் கணக்கில் இந்தக் கேள்வி இடம்பெறவே இல்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். யாருக்காகப் பயணமோ, அவருடைய காலை மறந்துவிட்டுக் கிலோமீட்டரைக் கூட்டிக்கொண்டிருந்தோம்!

பிறகு விசாரித்தோம். கீழக்கரையின் அழகு அதன் பள்ளிகளிலும் வீதிகளிலும் இருக்கிறது. குடும்பத்தோடு கால் நனைக்கப் பரந்த மணற்கரை வேண்டுமென்றால் காயல்பட்டினமே என்றார்கள். மாலையில் பெண்களும் குழந்தைகளும் அங்கே தயக்கமின்றிக் கூடுகிறார்கள். தெருக்களுக்கு இடையே பெண்கள் போய்வருவதற்கென்றே ஒதுங்கிய முடுக்குகள் இருக்கின்றன. பெண்களுக்கெனத் தனித் தைக்காக்களும் உண்டு. திருமணமான பின் பெண் தாய்வீட்டிலேயே இருக்க, மாப்பிள்ளை அங்கு வந்து வாழும் வழக்கமுடைய ஊர் அது. தொலைவு கூடினாலும் பெண்களுக்கு ஏற்ற ஊர் அதுவே என்று தேர்ந்தெடுத்தோம்.

வெனிசு நகரத்து மார்க்கோபோலோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் புகழ்ந்து எழுதிய "காயல்" துறை, இதற்கு வடக்கே பொருநை கடலில் கலக்கும் இடத்தருகே உள்ள பழையகாயல் என்பர். அவருடைய இத்தாலி நாட்டிலும் இதே சிக்கல் உண்டு என்றால் வியப்பீர்கள். அந்நாட்டின் மேற்குக் கரையில் "சிங்க்வே தெர்ரே" என்னும் ஐந்து சிற்றூர்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. எதில் தங்குவது என்று பயணிகள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். கொர்னிலியா என்ற ஊருக்கு ரயில் நிலையத்திலிருந்து ஏறத்தாழ முந்நூற்றெண்பது படிகள் ஏற வேண்டும். மொந்தெரோஸ்ஸோவில்தான் நல்ல மணற்கரை. 2011 அக்டோபரில் பெய்த பெருமழையில் ஐந்தில் இரண்டு ஊர்கள் சேற்றில் புதைந்தன. மூட்டுவலியும் மழையும் எந்த நாட்டுக்கும் பொதுவானவைதானே!

கரையில் மூன்று மாலைகள்

அக்டோபர் முதல் வாரத்தில் சென்றோம். எங்கள் பிள்ளைகளுக்கு எல்லாமே புதுமை. "அத்தா, அம்மா" என்று அழைத்துப் பழகியவர்கள் அங்கே "வாப்பா, உம்மா" என்ற அழைப்பைக் கேட்டு விழித்தார்கள். நாங்கள் ஹனஃபிகள், அவர்கள் ஷாஃபிஈகள். ஃபஜ்ரில் குனூத் ஓதக் கேட்டு என் இளைய மகன் என் முகத்தையே பார்த்தான். அஸர் பாங்கு நம் ஊரைவிட முன்னதாகவே ஒலித்தது. "நல்லதாய்ப் போயிற்று. கடலுக்கு இன்னும் சீக்கிரம் போகலாம்" என்றார் அம்மா!

ஆனால் முதல் மாலை ஏமாற்றமே. ஆட்டோ கரைவரை சென்றது. அங்கிருந்து நீர்வரை இருந்த மணலில் அம்மாவால் இருபது அடிகூட நடக்க முடியவில்லை. மணலில் புதைந்த கால் மூட்டை முறுக்கியது. "பார்த்தேனே, போதும்" என்று திரும்பிவிட்டார். இரவு முழுவதும் எனக்கு உறக்கமில்லை.

மறுநாள் தங்கியிருந்த வீட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கேட்டு வாங்கினோம். அம்மாவை அதில் அமர்த்தி, நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிச் சென்று ஈர மணலில் இறக்கினோம். கரையில் இருந்த பெண்கள் சிலர் தாமாகவே வந்து சூழ்ந்துகொண்டு, "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் தள்ளி நில்லுங்கள்" என்று எங்களை அனுப்பிவிட்டார்கள். தொலைவிலிருந்து பார்த்தேன். அலை வந்து அம்மாவின் பாதத்தைத் தொட்டது. அவர் சிறு பிள்ளையைப் போலக் காலை மேலே தூக்கிக்கொண்டார். பிறகு மெல்லக் கீழே வைத்தார். மஃரிப் பாங்கு கேட்கும்வரை அங்கிருந்து அசையவில்லை. மூன்றாம் மாலையும் அவ்வாறே கழிந்தது.

வாசகர்களே, நீங்கள் புறப்படுவதாக இருந்தால் இவற்றை நினைவில் கொள்ளுங்கள். மழைக்கு முன் செல்லுங்கள். தங்குமிடத்தை முன்கூட்டியே உறுதி செய்யுங்கள். முதியோர் உடன் வந்தால் ஒரு நாற்காலியை மறவாதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, எந்த ஊர் என்று வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள்.

அம்மாவுக்கு இறைவன் அருளால் தையில் அறுவை நல்லபடியாக முடிந்தது. இப்போது வீட்டு வாசல்வரை கோலூன்றி நடக்கிறார். வரும் புரட்டாசியில் நாற்காலி வேண்டாமாம். தாமே நடந்து செல்வாராம். இன்ஷா அல்லாஹ்!