ஆம்பூரில் ஒரு மதியம்

சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையில் பயணிப்பவர்களுக்கு ஆம்பூர் பிரியாணிக்காக வண்டியை நிறுத்தும் இடம். ஊரைப் பார்க்க இறங்குகிறவர்கள் குறைவு. 1749இல் ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் போரில் உயிர்விட்ட மண் என்பதால் நான் இறங்கினேன். பசிதான் முந்திக்கொண்டது.

சீரகச் சம்பா அரிசி, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், ஆட்டுக்கறி. ஹைதராபாத் பிரியாணியின் மசாலா நெடி இதில் குறைவு. கறியின் சாற்றை வாங்கிக்கொண்ட பிறகும் அந்தச் சிறுமணி அரிசி குழைவதில்லை. ஆனாலும் பாதி ருசி, தொட்டுக்கொள்ளத் தரும் புளிப்பான எண்ணெய்க் கத்திரிக்காயில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. (மறுப்பவர்கள் ஆம்பூருக்கே வந்து மறுக்கலாம்.)

பிறகு பாலாற்றங்கரைக்கு நடந்தேன். பெயரில் மட்டுமே பால். கண்ணுக்கெட்டியவரை மணலும் முட்புதரும். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு இப்பகுதிக் கிணறுகளைக் கெடுத்ததற்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, இன்றும் நாடெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்டேன்.

"கிணத்துத் தண்ணிய யாரு தம்பி குடிக்கிறா? கேன்தான். எம்பொண்ணும் மருமவனும் ஷூ கம்பெனியிலதான் வேலை செய்றாங்க. அத மூடுன்னு எந்த வாயால சொல்லுவேன்?"