ஏழாம் கட்டளையும் எட்டாம் கட்டளையும்

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பர் பெரியோர். திருட்டுப் படம் பற்றிச் செய்தித்தாளில் படித்தபோதெல்லாம், அது எங்கோ யாரோ செய்யும் குற்றம் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். அது எங்கள் வகுப்பறைக்குள் நுழைந்த பிறகுதான் அதன் பாரம் விளங்கிற்று.

திரைப்படத்துக்கும் எங்கள் கோவைக்கும் உள்ள உறவு பழமையானது. 1905-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படம் காட்டும் கருவியை வாங்கி, ஊர் ஊராகச் சென்று மக்களுக்குப் படம் காட்டியவர் கோவையைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட். 1914-இல் அவர் இங்கு அமைத்த வெரைட்டி ஹால் அரங்கின் பெயரை அந்தச் சாலை இன்றும் தாங்கி நிற்கிறது. அத்தகைய ஊரின் பெயர் 2024-இல் வேறு விதமாகச் செய்தியில் அடிபட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 12-இல் வெளியான ‘அஜயன்டெ ரண்டாம் மோஷணம்’ என்னும் மலையாளப் படத்தைத் திருட்டுத்தனமாக இணையத்தில் பரப்பியதாக, அக்டோபரில் கொச்சி சைபர் போலீசார் இருவரைப் பெங்களூரில் கைது செய்தனர். படம் பதிவானது கோவைத் திரையரங்கு ஒன்றில் என்றனர் போலீசார். மோஷணம் என்றால் திருட்டு! பெயரிலேயே திருட்டைச் சுமந்த படம் திருட்டுப் போனதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. சில வாரங்களில் எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் புதுப் படம் ஒன்று வந்து விழுந்தது. திரையில் ஓடுவதை யாரோ கைப்பேசியில் பிடித்தது. இரண்டே நாளில் பாதி வகுப்பு பார்த்துவிட்டது. செய்தி சிஸ்டர் காதுக்கு எட்டியதும், “யார் அனுப்பியது?” என்ற கேள்வி எழுந்தது. ஒருத்தி ஸ்கிரீன்ஷாட் காட்டினாள். அதில் எங்கள் தோழி ஒருத்தியின் பெயர் பளிச்சென்று நின்றது. “இவள்தான்” என்று ஒரே குரலில் சொன்னோம். “சத்தியமா நான் அனுப்பலை” என்று அவள் அழுதாள். நாங்கள் நம்பவில்லை. மூன்று நாள் மதிய உணவு வேளையில் அவளருகே எவரும் அமரவில்லை.

எங்களுள் ஒருத்தியின் சித்தி வக்கீல். சனிக்கிழமை நாங்கள் சிலர் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது இந்தக் கதையைப் பெருமையாகச் சொன்னோம். ஸ்கிரீன்ஷாட்டை வாங்கிப் பார்த்தவர், “ஏங்கண்ணு, இது போனோட பேரைத்தான் சொல்லுது. போனைப் பிடிச்சிருந்த கை யாருதுன்னு சொல்லுதா?” என்று கேட்டார்.

பின்னர் அவர் பொறுமையாக விளக்கினார். இக்காலத் திரையரங்குகளில் ஓடும் படத்தில் கண்ணுக்குப் புலப்படாத குறியீடு ஒன்று கலந்திருக்கும். திருட்டுப் பிரதி கிடைத்தால், அது எந்த அரங்கில், எந்த நேரத்தில் பதிவானது என்பதை அதிலிருந்து அறியலாம். ஆனால் எந்த இருக்கையில் யார் இருந்தார் என்பதை அது சொல்லாது. இணைய முகவரியும் அப்படியே. இணைப்பு யார் பெயரில் உள்ளது என்று காட்டுமேயன்றி, அவ்வீட்டில் பொத்தானை அழுத்தியவரைக் காட்டாது. ஆகவேதான் சட்டம் எச்சரிக்கையோடு நடக்கிறது. கேரளத் தேர்தல் வழக்கொன்றில், உரிய சான்றிதழ் இல்லாத குறுந்தகடுகளை 2014-இல் உச்ச நீதிமன்றம் சாட்சியமாக ஏற்கவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சாட்சியச் சட்டம், மின்னணுப் பதிவோடு இரு பகுதிகள் கொண்ட சான்றிதழைக் கேட்கிறது. கோப்பின் ‘ஹாஷ்’ எண்ணும் அதில் இடம்பெற வேண்டும். அது கோப்பின் கைரேகை போன்றது. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும்.

தண்டனையும் சிறிதன்று. அரங்கில் படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்தால் மூன்று மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், குறைந்தது 3 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு என்கிறது 2023-இல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டம். தெரிந்தே பிரதியைப் பரப்புவோரைப் பதிப்புரிமைச் சட்டம் பிடிக்கும்.

“இத்தனை பெரிய தண்டனைக்கு ஆளை அடையாளம் காட்டுறப்போ எத்தனை கவனம் வேணும்!” என்றவர் ஸ்கிரீன்ஷாட்டைத் திருப்பிக் காட்டினார். “இதுல நாளும் மணியும் இருக்குதே, பாத்தீங்களா?”

பார்த்தோம். ஞாயிறு மாலை 6.10. அன்று அந்தத் தோழியின் பிறந்தநாள். நாங்கள் ஐவர் அவள் வீட்டில் பலகாரம் தின்றுகொண்டிருந்தோம். அவள் கைப்பேசி எங்கள் கைகளில்தான் சுற்றி வந்தது. அறையில் பேச்சில்லை. சற்று நேரத்தில் எங்களுள் ஒருத்தி தலைகுனிந்தபடி, “நான்தான், விளையாட்டாச் செஞ்சேன்” என்றாள். “இவள்தான்” என்று சொன்ன குரல்களில் அவள் குரலும் ஒன்று. எந்தக் கருவியும் சொல்லாததை அவள் மனச்சாட்சி சொல்லிற்று.

களவாடலாகாது என்பது ஏழாம் கட்டளை. பொய்ச்சான்று கூறலாகாது என்பது எட்டாம் கட்டளை. மறைக்கல்வி வகுப்பில் இரண்டையும் ஒப்பித்துப் பரிசு வாங்கிய நாங்கள், ஒரே வாரத்தில் இரண்டையும் மீறியிருந்தோம். அனுப்பியவளைத் தேடிய அவசரத்தில், பார்த்தவர்கள் யார் என்று எங்களை நாங்களே கேட்டுக்கொள்ளவில்லை.

திங்களன்று காலை, சிஸ்டர் முன்னிலையில் தோழியிடம் மன்னிப்புக் கேட்டோம். அவள் உடனே பேசவில்லை. மதியம் தன் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் நடுவே அமர்ந்தாள்.

அன்புத் தங்கையரே! இந்த இதழைப் படிக்கும் உங்கள் கைகளுக்கும் நாளை ஒரு திருட்டுப் படம் வரும். ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் வரும். முன்னதைத் திறவாதீர்கள். பின்னதை அவசரப்பட்டு நம்பாதீர்கள்.

— பதினோராம் வகுப்பு மாணவியர்