‘வெட்டு முடியட்டும்’

ஐப்பசி, புதன்

அத்தை வீட்டில் குடியிருப்பவர் இன்றைக்கும் அதே பதிலைத்தான் சொன்னார். “திராட்சை வெட்டு முடியட்டும்ணே, மொத்தமாத் தந்துர்றேன்.”

வெளியூர்க்காரர் கேட்டால் நியாயமாகத்தான் படும். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை வருஷம் முழுக்கக் காய்க்கிற பயிர். ஒரு பந்தலில் கவாத்து நடக்கும்போது அடுத்த பந்தலில் பெட்டி ஏறிக்கொண்டிருக்கும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய இந்தப் பழத்துக்கு, சுருளிப்பட்டியில் வெட்டு முடிகிற நாள் என்று ஒன்று கிடையாது.

மாமா இருந்த காலத்தில் வாய்ப்பேச்சில் விட்ட வீடு. சித்திரையோடு வாடகை நின்றுவிட்டது. “ஏப்பா, அவங்க இல்லாத நேரம் பாத்து ஒரு பூட்டைப் போட்டுட்டா என்ன?” என்கிறார் அத்தை. வக்கீலைக் கேட்டுச் செய்வோம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஐப்பசி, சனி

உத்தமபாளையம் போய் வந்தோம். வீடு கம்பம் நகராட்சிக்குள் இருந்தால் 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் வரும். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் அந்தச் சட்டப்படி, ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இரண்டு மாத பாக்கி விழுந்தாலே வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் அது நகர்ப்புறத்துக்கான சட்டம். சுருளிப்பட்டி ஊராட்சி. நமக்கு 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம்தான்.

பழைய சட்டம் என்றதும் அத்தை முகம் சுருங்கியது. விஷயம் நேர்மாறு. மாத வாடகை வீட்டுக்கு 15 நாள் நோட்டீஸ் போதும். ஏன் காலி செய்யச் சொல்கிறோம் என்று காரணம்கூடக் காட்ட வேண்டாம். “உரிமை ஈஸியா இருக்கும்மா. அவர் உங்க வாடகைதாரர்தான்னு காட்டுறதும், தீர்ப்பு வந்தப்புறம் ஆளை வெளியேத்துறதும்தான் வருஷக்கணக்கா இழுக்கும்” என்றார் வக்கீல். ஒப்பந்தம் இல்லை. கையில் இருப்பது மாமா பெயரில் மின் இணைப்பு, ஊராட்சி வீட்டுவரி ரசீது, மாமா செல்போனுக்கு ஜிபேயில் வந்த பழைய வாடகைகள். அது போதும் என்கிறார்.

பூட்டு விஷயத்தையும் கேட்டேன். 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தில் ஆறாவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சட்டப்படி அல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், வீடு யாருடையது என்ற கேள்விக்கே போகாமல் அவரிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லும். குடியிருப்பவரைச் சட்டத்தின் வழியில்தான் வெளியேற்ற முடியும் என்று 1989இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. நாம் போடுகிற பூட்டு அவருக்குச் சாதகமான சாட்சியாகிவிடும். திரும்புகிற பஸ்ஸில் அத்தை அதைப் பற்றிப் பேசவேயில்லை.

கார்த்திகை, செவ்வாய்

நோட்டீஸ் ‘வாங்க மறுத்தார்’ என்று திரும்பி வந்துவிட்டது. அத்தை பதறினார். சரியான முகவரிக்குப் போய், ஆள் மறுத்தால், சேர்ந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். உறையைப் பிரிக்காமல் அப்படியே பத்திரப்படுத்தச் சொன்னார்கள்.

மாலை போட்ட சாமிகளின் வேன்கள் குமுளிக்கு ஏறுகிற காலம் இது. குடியிருப்பவர் நம் வீட்டு முன்னறையில் ராத்தங்கலுக்கு ஆள் விடுகிறார் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார். நமக்கு வராத வாடகை அவருக்கு வருகிறது. உள்வாடகை விட்டதற்கே வெளியேற்றலாமே என்று வக்கீலுக்குப் போன் போட்டேன். எழுத்தில் தடை இல்லாவிட்டால் உள்வாடகை விட 1882 சட்டமே இடம் கொடுக்கிறதாம்.

மார்கழி, திங்கள்

ஒரு மாத வாடகை மட்டும் மாமாவின் செல்போனுக்கு வந்து விழுந்தது. வந்தவரை லாபம் என்று பேசாமல் இருந்துவிட முடியாது. நோட்டீஸுக்குப் பிறகு, வாடகை உறவு தொடர்கிறது என்று நினைக்க வைக்கும்படி பணம் வாங்கினால், நோட்டீஸை நாமே கைவிட்டதாக அவர் தரப்பு வாதாடும். ‘பழைய பாக்கிக் கணக்கில் வரவு, காலி செய்யச் சொன்னது அப்படியே நிற்கிறது’ என்று வக்கீல் வழியாகக் கடிதம் போயிற்று.

தை, வியாழன்

வழக்குப் போட்டாயிற்று. கோர்ட் கட்டணம் வீட்டின் விலையை வைத்து அல்ல, முந்தைய ஓராண்டு வாடகையை வைத்து. அத்தைக்குப் பாதி பயம் போனது.

மீதி பயத்தைக் கிளப்பியது டீக்கடை. “பன்னெண்டு வருஷம் இருந்துட்டா வீடு அவனுக்குத்தான்” என்றார் ஒருவர். வாடகைக்கு வந்தவர் உரிமையாளரின் அனுமதியில் இருப்பவர். எத்தனை வருஷம் இருந்தாலும், குடியிருந்த காரணத்தினாலேயே சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார்.

முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக்குக்குப் பள்ளத்தாக்கு ஊர்களில் பொங்கல் வைக்கிற மாதம் இது. யோசித்துப் பார்த்தால் அந்த அணை விஷயத்தில் நாமே குத்தகைக்காரர்கள்தான். 1886இல் திருவிதாங்கூர் மகாராஜா 8,000 ஏக்கரை, ஏக்கருக்கு 5 ரூபாய் என்று, 999 வருஷத்துக்குச் சென்னை அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். 1970இல் அந்த வாடகை 30 ரூபாயாக உயர்ந்தது. குத்தகை காலாவதியாகிவிட்டது என்று கேரளம் வாதாடியபோது, 2014இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இத்தனை சண்டைக்கு நடுவிலும் தண்ணீர் வருகிறதென்றால், கேட்கும்போதெல்லாம் எடுத்து நீட்ட நமக்கொரு காகிதம் இருப்பதால்தான். அத்தை வீட்டுக்கு அது இல்லை.

மாசி, ஞாயிறு

ஜெயித்தாலும் என்ன ஆகும் என்று கேட்டு வந்தேன். தீர்ப்பு வாங்கியவர் நிறைவேற்று மனு போட வேண்டும். அதன் பிறகுதான் அமீனா வீட்டு வாசலுக்கு வருவார். இந்தியாவில் வழக்காடுகிறவரின் கஷ்டம் டிக்ரி வாங்கிய பிறகுதான் தொடங்குகிறது என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1872லேயே எழுதிவிட்டது. நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 அக்டோபரில் கணக்குப் பார்த்தபோது, நாடெங்கும் 8.82 லட்சத்துக்கு மேல் தேங்கிக் கிடந்தன.

வக்கீல் லோக் அதாலத்தைச் சொன்னார். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பேசி முடித்தால், பேச்சு மாறுகிறவரை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அதே பேச்சை லோக் அதாலத்தில் எழுதிவிட்டால் அது கோர்ட் டிக்ரிக்குச் சமம். மேல்முறையீடு கிடையாது, கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்ப வரும்.

பங்குனி, சனி

லோக் அதாலத்தில் பேசி முடிந்தது. பிள்ளைகளின் முழுப் பரீட்சை முடிந்து, வைகாசிக்குள் காலி செய்ய வேண்டும். பாக்கியில் பாதி தள்ளுபடி. மீதியில் அட்வான்ஸ் கழியும். “நம்ம வீட்டுக்கு நாமளே காசு விட்டுக்கொடுக்கணுமா?” என்று அத்தை கேட்டது சரியான கேள்விதான். விட்டுக்கொடுத்தது சில மாத வாடகை. வழக்கு இழுத்தால் போவது அதைப் போலப் பல மடங்கு. அவருக்கும் கணக்கு அதேதான். கெடு தவறினால் புது வழக்கு இல்லை, நேரே நிறைவேற்று மனு. கையெழுத்துப் போடும் முன் அந்த வரியை மட்டும் அவர் திரும்பப் படித்தார்.

வைகாசி, வெள்ளி

சொன்ன தேதிக்குள் சாவி வந்தது. சுவரெல்லாம் ஆணி, மின் கட்டணம் பாக்கி. அத்தை வெள்ளையடிக்க ஆள் சொல்லிவிட்டார்.

அடுத்து வருகிறவருக்கு முத்திரைத்தாளில் பதினொரு மாத ஒப்பந்தம். உள்வாடகை கூடாது, வாடகை வங்கிக் கணக்கில் மட்டும், பாக்கி எத்தனை மாதம் ஆனால் முடிவு என்று எல்லாம் எழுத்தில். “சொந்தக்காரப் பய, அவன்கிட்டயுமா எழுதி வாங்கணும்?” என்று தயங்குகிறார் அத்தை. அவனிடம்தான் முதலில் வாங்க வேண்டும். வேற்றாள் மேல் வழக்குப் போட்டுவிடலாம். சொந்தத்தின் மேல் போட அத்தைக்கு மனசு வராது.