அம்பாசிடர் வாங்கப் போறீங்களா?

நம் செட்டில் நாலு பேராவது "வேலைக்குப் போன முதல் வருஷமே ஒரு பழைய அம்பாசிடர் எடுத்துடணும்டா" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். ஆசை நியாயமானதுதான். மேற்கு வங்காளத்தின் உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014 மே மாதத்தோடு உற்பத்தி நின்றுவிட்டது. இனி கிடைப்பதெல்லாம் இன்னொருவர் ஓட்டிக் கழித்த வண்டிதான். எங்கள் வீட்டு வாசலில் அப்படி ஒன்று நிற்பதால் இதை எழுதும் தகுதி எனக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

1984 மாடல், மார்க் 4, 1489 சி.சி. பெட்ரோல். அரிசி ஆலை முதலாளி ஒருவருக்கு அப்பா பதினெட்டு வருஷம் ஓட்டிய வண்டி. 2016-ல் அவர் புது கார் எடுத்தபோது இதை 45,000 ரூபாய்க்கு அப்பாவிடமே கொடுத்து, மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். அன்றைக்கே அம்மா ஒரு லாங் சைஸ் நோட்டைப் பிரித்து முதல் பக்கத்தில் அந்தத் தொகையை எழுதினாள். இன்றுவரை அதில் ஒரு செலவும் விட்டுப்போனதில்லை. நம் ஒர்க்‌ஷாப் ஜர்னலைவிட நேர்மையான நோட்டு அது!

எல்லோரும் பழைய வண்டி பார்க்கப் போனால் முதலில் பானெட்டைத் தூக்கி எஞ்சினைத்தான் பார்க்கிறார்கள். நிறுத்தின இடத்தில் ஆயில் சொட்டு இருந்தால் முகம் சுளிக்கிறார்கள். இந்தப் பழைய பி.எம்.சி. எஞ்சினில் கிராங்க்‌ஷாஃப்டின் பின்பக்கம் நாம் படித்த மாதிரி ரப்பர் சீல் கிடையாது. ஷாஃப்டில் வெட்டிய திருகு மரைதான் ஆயிலைத் திருப்பி உள்ளே தள்ள வேண்டும். தேய்மானம் கண்ட பிறகு கொஞ்சம் சொட்டத்தான் செய்யும். சொட்டட்டும், கீழே ஒரு அட்டை போட்டால் போச்சு. சித்திரை வெயிலில் ஃப்யூயல் பம்ப் சூடேறி வேப்பர் லாக் ஆகி நடு ரோட்டில் நின்றால் பம்ப் மேல் ஒரு ஈரத்துணி. பாயிண்ட் கேப் 0.4 மில்லிமீட்டர் இருந்தால் செல்ஃப் ஒழுங்காக எடுக்கும். இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வேலை, செலவுக் கணக்கில் சேராது.

எஞ்சினில் பெரிய செலவு வந்தது 2018-ல். டேப்பட் கேப் அதிகமாகாமல் குறைந்துகொண்டே வந்தது. மூன்றாவது சிலிண்டரில் கம்ப்ரஷன் இல்லை. அந்தக் காலப் பெட்ரோலில் ஈயம் உண்டு. வால்வு சீட் தேயாமல் அது காப்பாற்றும். 2000 பிப்ரவரி முதல் நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல்தான். எங்கள் வண்டியின் ஹெட்டோ 1984-ல் பிறந்தது. வால்வு கொஞ்சம் கொஞ்சமாகச் சீட்டுக்குள் இறங்கியிருக்கிறது. லேத்தில் கொடுத்து கெட்டியான சீட் வளையம் அடித்து, வால்வு மாற்றி, மொத்தம் 14,500. இப்போது வரும் பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் ஹோஸும் பம்ப் டயஃபிரமும் அதற்குத் தாங்குவதில்லை. வாங்குகிறவர்கள் முதல் வாரமே ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், கசிந்தால் நெருப்பு.

சரி, நோட்டுக்கு வருகிறேன். 2017-ல் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் கிட், வீல் சிலிண்டர்கள், லைனிங் எல்லாம் சேர்த்து 6,800. இதில் அப்பா பேரமே பேசவில்லை. எங்கள் வண்டியில் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே ஹைட்ராலிக் லைன், ஒரு இடத்தில் ஒழுகினால் நாலு சக்கரமும் போச்சு. 2021-ல் ஊரடங்கு முடிந்து எடுத்தபோது பேட்டரி காலி, கார்பரேட்டரில் பிசின், பிரேக் ஜாம். அதற்கு 9,200. ஓட்டாத வண்டி செலவு வைக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2024-ல் டயர் 16,000.

பதிவுப் புதுப்பிப்பு தனிக் கதை. சொந்த உபயோகக் காருக்குப் பதினைந்து வருஷம் முடிந்ததும் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை காட்ட வேண்டும். 2019-ல் நாங்கள் கட்டிய கட்டணம் 600. 2022 ஏப்ரலில் அது 5,000 ஆகிவிட்டதால் 2024-ல் கட்டியது 5,000. 2025 ஆகஸ்டில் இருபது வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 என்று ஆக்கிவிட்டார்கள். எங்களுக்கு அடுத்த முறை 2029. பசுமை வரி தனி. இன்ஷூரன்ஸில் மட்டும் அதிர்ஷ்டம். 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணப்படி 1500 சி.சி. வரை மூன்றாம் நபர் பிரீமியம் வருஷத்துக்கு 3,416. அதற்கு மேலே போனால் 7,897. நாங்கள் பதினோரு சி.சி.யில் தப்பித்தோம். 1817 சி.சி. இசுசு எஞ்சின் வைத்த அம்பாசிடர் கேட்பவர்கள் இதையும் சேர்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மிச்சம் இருப்பது டிங்கர் வேலை. 2019-ல் 22,000. 2024-ல் 38,000.

இந்த 38,000-தான் வீட்டில் சண்டை மூட்டியது. 2023 ஐப்பசி மழையில் இடது பின் டயர் பஞ்சர். அப்பா ஜாக் வைத்துத் திருகினார். ஜாக் ஏறியது, வண்டி ஏறவில்லை. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி, டிங்கர்கள் ரன்னிங் போர்டு என்பார்களே, அதற்குள் ஜாக் தலை முழுசாகப் புகுந்துவிட்டது. மேல் பெயிண்ட் பளபளவென்று இருந்தது, உள்ளே தகடே இல்லை. அம்பாசிடர் என்றால் லாரி மாதிரி கெட்டியான சேஸிஸ் என்று ஊரெல்லாம் நம்பிக்கை. உண்மையில் இது மோனோகாக் வண்டி. தரைத்தகடும் இந்தப் பெட்டியும்தான் முதுகெலும்பு. அது அரித்துவிட்டால் எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் நடுவில் தொய்வு விழும், கதவு சாத்தாது, மோதினால் மடியும்.

நான் டிப்ளமோ சேர்ந்த வருஷம்தான் 2024. அம்மா நோட்டைத் திருப்பிக் காட்டி, "ஏங்க, எடைக்குப் போட்டா நாப்பதாயிரம் தர்றேங்கறான். புள்ள ஃபீஸும் ஹாஸ்டலும் அதுல முடிஞ்சிரும்" என்றாள். அப்பா பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, "இதுலதான்டி இவன் பொறந்தப்ப ஆஸ்பத்திரிலேர்ந்து கூட்டியாந்தேன்" என்றார். "அப்ப வண்டி முதலாளியோடது" என்றாள் அம்மா. கடைசியில் ஒரு உடன்பாடு: முதல் தவணை ஃபீஸ் கட்டிய பிறகு டிங்கர் பட்டறை. வண்டி ஏழு மாதம் செங்கல் மேல் நின்றது. ஜனவரிக்குள் தகடு வெட்டி, வெல்டிங் வைத்து, உள்ளே துரு தடுக்கும் பெயிண்ட் அடித்து எடுத்தோம். அதற்குப் பிறகுதான் பதிவுக்குக் காட்டினோம், கணக்கு 2024-லேயே எழுதியிருக்கிறது.

கூட்டிப் பார்த்தேன். பெட்ரோல், இன்ஷூரன்ஸ், வரி நீங்கலாக 1,12,100. வாங்கின விலையைப்போல இரண்டரை மடங்கு. அதில் துருவுக்கு மட்டும் அறுபதாயிரம்; எல்லோரும் பயப்படும் எஞ்சினுக்குப் பதினாலரைதான். லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் என்பதை நான் புகாராகச் சொல்ல மாட்டேன், அப்பா காதில் விழுந்தால் ஆபத்து.

உதிரி பாகத்துக்கு அலைய வேண்டியதில்லை. சென்னை ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் கேட்டால் இன்னும் எடுத்துத் தருகிறார்கள். பழைய தகடு நல்ல நிலையில் கிடைப்பதுதான் கஷ்டம். அதனால் வண்டி பார்க்கப் போகிறவர்கள் ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூடிரைவர் கொண்டுபோங்கள். கால்மிதியைத் தூக்கிப் பாருங்கள். ரன்னிங் போர்டை அடியிலிருந்து குத்திப் பாருங்கள். விற்பவர் கோபப்பட்டால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் என்னையும் கூப்பிடுங்கள், வருகிறேன். வெள்ளைச் சட்டை மட்டும் போட்டு வராதீர்கள், கீழே படுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.