கல்முனைக் கரையின் நான்கு மலிவுப் பொருள்கள்

மட்டக்களப்பிலிருந்து தெற்கே வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள், சகோதரி. கல்லாறு தாண்டிய பிறகு ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்று சொல்வதே கஷ்டம். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என்று தமிழர் ஊரும் முஸ்லிம் ஊரும் ஒன்றையொன்று தொட்டபடி நீண்டு செல்லும். கிழக்கே கடல், மேற்கே பச்சை வயல்.

இங்கே வருகிறவர்கள் கடற்கரையையும் பள்ளிவாசல்களையும் பார்ப்பார்கள். மருதமுனையில் இரண்டு கைத்தறிச் சாரன் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நாம் இன்று அவர்கள் எட்டிப் பார்க்காத இடத்துக்குப் போவோம். அதுதான் குசினி.

இந்தக் கரையில் குசினிக்குத் தனி மதிப்பு உண்டு. மகளுக்குக் கல்யாணம் என்றால் வீடு கொடுப்பது இங்கே வழக்கம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடு பெண்ணுடையது என்றால் அந்த வீட்டின் நெருப்பும் தண்ணீரும் அவள் கைப்பொறுப்பு. அந்தப் பொறுப்பு எவ்வளவு பெரியது என்பதை 2022ஆம் ஆண்டு எல்லோருக்கும் காட்டிவிட்டது.

அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. ஏப்ரல் 3ஆம் திகதி ரமழான் பிறந்தபோது எத்தனையோ வீடுகளில் இருட்டிலேதான் ஸஹர். 2021 ஒக்டோபருக்கு முன் கொழும்பில் 1,500 ரூபாவுக்கும் குறைவாக விற்ற 12.5 கிலோ கேஸ் சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவானது. அந்த விலை கொடுக்கத் தயாராக இருந்தவர்களும் வரிசையில் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். பணம் கொட்டி வாங்கிய ரைஸ் குக்கரும் கேஸ் அடுப்பும் மூலையில் கிடந்தன. அப்போது கைகொடுத்தவை, கொடுக்கக்கூடியவை எல்லாம் சொற்பக் காசுப் பொருள்கள்தாம். அவற்றில் நான்கை மட்டும் பார்ப்போம்.

உருளாத விளக்கு

கரண்ட் போனதும் வெறும் போத்தலைத் தேடி, மூடியில் துளை போட்டுத் திரி செருகி, மண்ணெண்ணெய் ஊற்றும் பழக்கம் நம்மிடம் உண்டு. போர்க்கால இரவுகளில் இந்தக் குப்பி விளக்கில் படித்து வளர்ந்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் மருந்துப் போத்தலும் சோஸ் போத்தலும் விளக்குக்காகச் செய்யப்பட்டவை அல்லவே! உயரமாக, பாரமில்லாமல் இருக்கும். பூனை தட்டினாலும் சாயும், சாய்ந்தால் உருளும். தளர்ந்த மூடி கழன்று எண்ணெய் சிந்தும், சிந்திய எண்ணெயில் தீ பிடிக்கும். பக்கத்தில் தொங்கும் சேலைத் தலைப்புக்கோ பிள்ளையின் சட்டைக்கோ அது தாவ எவ்வளவு நேரம்?

இப்படி எரிந்து வந்தவர்களுக்கு வைத்தியம் செய்து மனம் நொந்த ஓர் அறுவைச் சிகிச்சை நிபுணர், நம் நாட்டின் டாக்டர் விஜய கொடகும்புர. 1990களின் தொடக்கத்தில் அவர் பாதுகாப்பான ஒரு விளக்கைச் செய்தார். பெயர் ‘சுதீப’. மார்மைட் போத்தலைப் போல் குட்டையான, தடித்த, பாரமான கண்ணாடிக் குப்பி. எளிதில் சாயாது. இரண்டு பக்கமும் தட்டை என்பதால் சாய்ந்தாலும் உருளாது. மூடி திருகி மூடும் உலோக மூடி என்பதால் எண்ணெய் கொட்டாது. இவ்வளவுதான் அதன் இரகசியம்! இந்த முயற்சிக்கு 1998இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. இலட்சக்கணக்கில் இந்த விளக்குகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

இப்போது உங்கள் வீட்டில் சார்ஜ் செய்யும் டோர்ச் இருந்தால் அதுவே முதல் விளக்காக இருக்கட்டும். அதன் சார்ஜும் இறங்கிப்போகும் இரவுக்காகப் போத்தல் விளக்கு வைத்திருப்பவர்கள் அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். குட்டையா? பாரமா? தட்டையா? மூடி திருகி இறுகுகிறதா? நான்குக்கும் “ஆம்” என்றால் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு “இல்லை” என்றாலும் குப்பையில் போடுங்கள். யாருக்காவது தீப்புண் பட்டுவிட்டால் பற்பசை, வெண்ணெய் எதுவும் பூசாமல், ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் பிடித்துவிட்டு வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

ஒரு தீ, இரண்டு சட்டி

மூன்று கல் வைத்து மூட்டும் அடுப்பில் சூட்டின் பெரும்பகுதி பக்கவாட்டில் ஓடிவிடும். சோற்றுக்கு எரித்த விறகு முடிந்த பிறகு ஆணத்துக்கு வேறு விறகு வைக்க வேண்டும். 1986இல் இலங்கை மின்சார சபையும் ஐ.டி.டி.ஜி. என்ற தொண்டு நிறுவனமும் சேர்ந்து ‘அனகி’ என்ற களிமண் அடுப்பை உருவாக்கின. ஒரே துண்டாகக் குயவர் செய்து சூளையில் சுட்டு எடுப்பது. முன்வாயில் நேரடித் தீ. அங்கே சோற்றுப் பானை. மிஞ்சிய சூடு ஒரு வழியாகப் பின்வாய்க்குப் போகிறது. அங்கே ஆணம். ஒரே விறகில் இரண்டு வேலை.

அடுப்பை வாங்கி வந்ததும் அப்படியே எரிக்கத் தொடங்கிவிடக் கூடாது. சுற்றிலும் களிமண் குழைத்துக் கனமாகப் பூசிக் காயவிட வேண்டும். அந்தப் பூச்சுத்தான் சூட்டை உள்ளே பிடித்து வைக்கும். ஓடு சீக்கிரம் வெடிக்காமலும் காக்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். விறகு குறைந்தால் புகையும் குறையும். ஆனால் இந்த அடுப்புக்குப் புகைக்கூண்டு இல்லை. வீட்டுக்குள் புகும் அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஆகவே அடுப்பை ஜன்னலோரமோ பின்தாழ்வாரத்திலோ வையுங்கள். காய்ந்த விறகையே எரியுங்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊதாதீர்கள்.

கடகத்துக்குள் வேகும் கஞ்சி

உலகப் போர்க் காலங்களில் ஐரோப்பாவில் எரிபொருள் தட்டுப்பட்டபோது பெண்கள் ஒரு பெட்டியில் வைக்கோலை அடைத்து, கொதித்த சட்டியை அதற்குள் புதைத்து வைத்தார்கள். தீ இல்லாமலே உணவு வெந்தது. சட்டிக்குள் இருக்கும் சூடு வெளியே போக வழியில்லாததால் அதுவே அடுப்பின் மீதி வேலையைச் செய்துவிட்டது.

இதை நம் வீட்டில் செய்ய ஒரு கடகமும் நாலைந்து பழைய சாரன்களும் போதும். கடகத்தின் அடியிலும் சுற்றிலும் சாரன்களை மடித்து நெருக்கமாக அடையுங்கள். கஞ்சியை மூடியோடு பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவைத்து, மூடியைத் திறக்காமல் அப்படியே உள்ளே இறக்கி, மேலே தலையணை ஒன்றால் அமுக்கிவிடுங்கள். லுஹருக்கு வைத்தால் அஸருக்குக் கஞ்சி பதமாக வெந்திருக்கும். சட்டி நிறைய இருக்க வேண்டும். கொஞ்சமாக வைத்தால் சீக்கிரம் ஆறிவிடும். இறைச்சி சேர்த்திருந்தால் எடுத்ததும் மறுபடி ஒரு கொதி கொதிக்கவிட்டே பரிமாறுங்கள். இரவு முழுவதும் உள்ளே விடாதீர்கள். சூடு இறங்கிவிட்டால் உணவு பழுதாகும்.

மடித்த துணி

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமைக் காலை இந்தக் கரையில் நடந்ததை நான் சொல்லத் தேவையில்லை. இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். உயிர் பிழைத்தவர்களின் முதல் தேடல் குடிநீர். கிணறுகளில் கடல் புகுந்திருந்தது. பிறகு மாரிகாலத்து வெள்ளங்கள். 2024 நவம்பரிலும் வந்தது. வெள்ளம் வந்தால் கிணறும் கலங்கிவிடும்.

பங்களாதேஷின் மத்லப் பகுதியில், 65 கிராமங்களில், அமெரிக்க விஞ்ஞானி ரீட்டா கொல்வெல் குழுவினர் ஓர் ஆய்வு செய்தார்கள். குளத்து நீரைப் பழைய பருத்திச் சேலையை மடித்து அதில் வடித்துக் குடிக்கச் சொன்னார்கள். கொலராக் கிருமி, தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களில் ஒட்டிக்கொண்டு வருகிறது. அவை மடிப்புகளில் சிக்கிக்கொள்கின்றன. 2003இல் முடிவு வெளியானது. வடித்துக் குடித்த ஊர்களில் கொலரா 48 வீதம் குறைந்திருந்தது. புதுத் துணியைவிடப் பழந்துணியே நல்லது. துவைத்துத் துவைத்து அதன் நூல் பிசிராகிக் கண்கள் சிறுத்துப்போயிருக்கும்.

நான்கு அடுக்குக்குக் குறையாமல் மடியுங்கள். வடித்ததும் துணியை அலசி வெயிலில் காயவிடுங்கள். துணி உப்பை எடுக்காது, எல்லாக் கிருமியையும் பிடிக்காது. எனவே வடித்த நீரைக் கொதிக்கவைத்த பிறகே குடியுங்கள்.

வாங்கும் முன்

கல்முனைச் சந்தையில் அடுத்தமுறை மலிவாக ஒரு பொருளைக் கையில் எடுக்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள், சகோதரி. விளக்கு என்றால் விழுந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். அடுப்பு என்றால் மிச்சச் சூடு எங்கே போகிறது என்று பாருங்கள். இந்த நான்கையும் யோசித்தவர்கள் நம் வீட்டு ஆபத்தை நேரில் பார்த்தவர்கள். அதனால்தான் அவை இவ்வளவு மலிவாக இருந்தும் இவ்வளவு காக்கின்றன.

மகளுக்கு வீடு கொடுக்கும் நாளில் நகையையும் தளபாடங்களையும் எண்ணுகிறோம். அந்தப் பட்டியலின் கடைசியில் ஓர் உருளாத விளக்கையும் ஓர் இரட்டைவாய் அடுப்பையும் எழுதிக்கொள்ளுங்கள். கரண்ட் போகும் இரவில் அவள் முதலில் தேடுவது அவற்றைத்தான்.