போட்டி வறுவல், 345 ரூபாய்

டன்லப் கம்பெனியைப் பூட்டிப் பல வருஷம் ஆகிவிட்டது. பஸ் ஸ்டாப்புக்கு இன்னும் அதே பெயர்தான். கண்டக்டர் ‘டன்லப் இறங்கு’ என்கிறார், டயர் வாடையே அறியாத பிள்ளைகள் இறங்கிப் போகிறார்கள். அம்பத்தூரில் கம்பெனி செத்தாலும் ஸ்டாப்பிங் சாகாது. ஒயின் ஷாப்புக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. தொழிற்பேட்டை எஸ்டேட்டிலிருந்து சி.டி.எச். நெடுஞ்சாலைக்கு ஏறும் திருப்பத்தில் இருந்த அந்தக் கடையை வைத்துத்தான் நாங்கள் எல்லாருக்கும் வழி சொல்லிக்கொண்டிருந்தோம். இன்று அந்த மனையில் நாலு மாடி ஓட்டல் நிற்கிறது. மூன்றாவது மாடியில் பார். பார் என்று சொன்னால் அங்கே இருப்பவர்களுக்குப் பிடிக்காது. காஸ்ட்ரோபப் என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். அக்கா பையன் பக்கத்து ஐ.டி. பார்க்கில் வேலை பார்க்கிறான். புரமோஷன் வந்த சாக்கில் என்னை அங்கே கூட்டிப்போனான்.

மெனு கார்டைப் பிரித்ததும் கண்ணில் பட்டது போட்டி வறுவல். 345 ரூபாய், வரி தனி. வடசென்னைத் தெருவோரத்தின் நினைவாக என்று கீழே பொடி எழுத்தில் ஒரு விளக்கம். வடசென்னை எதற்கு? இந்தத் தரையிலேயே, மூன்று மாடிக்குக் கீழே, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் தினமும் இரண்டு சட்டி போட்டி வெந்துகொண்டிருந்ததே.

சுவரில் ஒரு பழைய ஹெர்குலஸ் சைக்கிளை ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் இதே அம்பத்தூர். அந்த வண்டி பிறந்த இடம் கூப்பிடு தூரம். அதைத் துடைத்து, செயினைக் கழற்றி, மஞ்சள் விளக்கு போட்டுத் தொங்கவிட்டிருக்கிறார்கள். பக்கத்து மேஜைப் பெண் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். லேத் மெஷினின் பல்சக்கரம் ஒன்று விளக்குக்குக் குடை பிடித்தது. அதன் பல் அளவு என்னவோ என்று யோசித்துக்கொண்டிருந்தவனை, “மாமா, பீரா, விஸ்கியா?” என்று பையன் உலுக்கினான்.

பழைய இடத்தில் முன்பக்கம் கடை. கம்பி வலைக்குள் கையை நுழைத்துக் காசு கொடுத்துப் பாட்டில் வாங்க வேண்டும். பின்பக்கம் பார். சிமென்ட் திண்டு, இரும்பு ஸ்டூல், மூலையில் தண்ணீர் டிரம். ஷிப்ட் விட்டு வந்த சட்டைகளிலிருந்து கூலன்ட் வாடை, அதன் மேல் சோப்புப் பவுடர் வாடை. கையை எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் கிரீஸ் நிற்கும். ஊறுகாய் பாக்கெட், தண்ணி பாக்கெட், பிளாஸ்டிக் டம்ளர். (2019 ஜனவரி முதல் தேதி பிளாஸ்டிக் தடை வந்தபோது தண்ணி பாக்கெட்டும் போனது. அதற்குள் அந்த பாரே போய்விட்டிருந்தது.) மாங்காய் கீத்து, சுண்டல், அவித்த முட்டை, ஈரல், சுவரொட்டி, எல்லாவற்றுக்கும் மேலே போட்டி.

போட்டி விஷயத்தில் எங்கள் பட்டறை டர்னர் அண்ணன் கறார். உட்காருவதற்கு முன்னால் நேராகச் சமையல்கட்டுக்குப் போய் மாஸ்டரிடம் கேட்பார்: “கழுவினியா?” சுடுதண்ணீரில் முக்கி, சுண்ணாம்பு தேய்த்துக் கறுப்புத் தோலைச் சுரண்டி, குடலை உள்வெளியாகத் திருப்பி, கல் உப்பும் மஞ்சளும் போட்டு நாலு தண்ணீர் அலசியிருக்க வேண்டும். ஒரு துண்டை எடுத்து மோந்து பார்த்துவிட்டுத்தான் ஆர்டர். மாஸ்டருக்குக் கோபம் வரும். ஆனாலும் அண்ணன் வரும் நாளில் ஒரு தண்ணீர் கூடவே அலசுவான் என்று நினைக்கிறேன்.

அதே அண்ணன்தான் எல்லாருக்கும் கட்டிங் ஊற்றுவார். குவார்ட்டர் 180 மில்லி. முழுசாக வாங்கக் காசில்லாதவன் பாதிக் காசைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு வலையருகே நிற்பான். இன்னொருவன் வருவான். முகத்தைப் பார்த்தே தெரியும். “அண்ணே, கட்டிங்?” அவ்வளவுதான் பேச்சு. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு குவார்ட்டர், ஆளுக்குத் தொண்ணூறு. பெயர், ஊர், சாதி ஒன்றும் கேட்பதில்லை. குடித்து முடித்தால் அவரவர் வழி. ஊற்றுவதில்தான் சண்டை வரும். அண்ணன் வாங்கி இரண்டு டம்ளரையும் ஒட்டி வைத்து ஒரே மூச்சில் பிரிப்பார். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தவ் என்று சொல்லிப் பழகிய கண். “ஒரு தவ் கூட இல்லடா, எடு” என்பார். விரலை நனைத்து மூன்று சொட்டுத் தரையில் தெளித்துவிட்டு எடுப்பார்கள்.

யார் யாரெல்லாம் அந்தத் திண்டில் உட்கார்ந்தார்கள் என்று இப்போது யோசித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. லோடுமேன், ஆட்டோக்காரர், யூனியன் ஆள், சூப்பர்வைசர். பிரஸ் ஷாப்பில் வலது கையில் இரண்டு விரலை விட்டுவிட்டு வந்த ஒருவர், டம்ளரைக் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் இடுக்கித் தூக்குவார். ஒரு சொட்டுச் சிந்தாது. நாலு லேத் வைத்திருந்த முதலாளியும் அங்கேதான் வருவார். முதலாளி என்றாலும் அவரும் பெரிய கம்பெனியில் கருவி பிடித்தவர்தான். கடன் வாங்கி ஒரு மெஷின் போட்டு, பாடி லூக்காஸுக்கும் எண்ணூர் லேலண்டுக்கும் ஓடும் சாமான்களுக்கு ஜாப் ஒர்க் எடுத்து மேலே வந்தவர். எஸ்டேட்டை 1960-களில் அரசு போட்டதிலிருந்து அந்த மாதிரி ஆட்கள்தான் அதன் முதுகெலும்பு. ‘சனிக்கிழமை ஒரு மில்லிங் ஆள் தேவைப்படுது’ என்று அவர் ஆஃபாயிலைப் பிட்டுக்கொண்டே சொல்வார், திங்கட்கிழமை ஆள் நிற்பான். 2008-க்குப் பிறகு கரண்ட் போய்ப் போய் வந்த வருஷங்களில், பிறகு வாரத்துக்கு ஒரு நாள் பவர் ஹாலிடே என்று அரசே மெஷினை நிறுத்தச் சொன்ன 2012-ல், எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் செய்யாத வேலையை அந்தச் சிமென்ட் திண்டு செய்தது. எந்தப் பட்டறையில் ஜெனரேட்டர் இருக்கிறது, எவன் சம்பளம் பாக்கி வைப்பான், எல்லாத் தகவலும் அங்கே கிடைக்கும்.

இதைப் படித்துவிட்டு அது ஏதோ பூலோக சொர்க்கம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சின்னப் பட்டறைகளில் சனிக்கிழமை வாரக் கூலி. அன்று சாயங்காலம் பட்டறை வாசலிலிருந்து கடை வரைக்கும் பெண்கள் நிற்பார்கள், சிலர் இடுப்பில் பிள்ளையோடு. கவரைப் பிடுங்கிக்கொள்ள முடிந்தவள் அந்த வாரம் ஜெயித்தவள். ஈரல் வறுவலைத் தட்டில் வைத்துக்கொண்டு சொந்த ஈரலைப் பொசுக்கினவர்களை எண்ண ஆரம்பித்தால் அந்தத் திண்டில் பாதிப் பேர் தேறமாட்டார்கள். பாருக்குள்ளே நான் பார்த்த ஒரே பெண் காலி பாட்டில் பொறுக்கும் அம்மா.

சர்க்காரும் எங்களை நிலையாக விட்டதில்லை. ராஜாஜி 1937-ல் சேலத்தில் ஆரம்பித்தார், 1948-ல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. பெர்மிட் வைத்திருந்தவர்களுக்குச் சீமைச் சரக்கு, மற்றவர்களுக்கு வார்னிஷ் என்று அப்பா சொல்வார். 1971-ல் கருணாநிதி திறந்தார், 1974-ல் அவரே மூடினார். 1981-ல் எம்.ஜி.ஆர். திறந்தார், 1987 தொடக்கத்தோடு சாராயமும் கள்ளும் போயின. தமிழ்நாட்டில் குடிக்கிறவன் தன் வயதைச் சட்டங்களை வைத்தே கணக்குப் போடலாம். எங்கள் கடை முதலில் தனியார் ஒயின்ஸ். 2003 நவம்பர் கடைசியில் சில்லறை வியாபாரம் முழுவதையும் அரசின் டாஸ்மாக் எடுத்துக்கொண்டபோது போர்டு மட்டும் மாறியது; அதே வலை, அதே திண்டு. பின்பக்கத்து பாருக்கு டெண்டர். காகிதத்தில் அந்தக் கான்ட்ராக்டரின் வேலை தின்பண்டம் விற்பதும் காலி பாட்டில் சேர்ப்பதும்தான். ஆக, சட்டப்படி பார்த்தால் போட்டிதான் அந்த இடத்தின் தொழில், குடி தற்செயல்.

அந்தக் கடையை மூடியது நெடுஞ்சாலைத் தீர்ப்பு. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் சொன்னது. 2017 ஏப்ரல் முதல் தேதி தமிழ்நாட்டில் 3,000-க்கும் மேற்பட்ட கடைகள் திறக்கவில்லை. எங்களுடையதும் அதில் ஒன்று. ஜூலையில் நகராட்சி எல்லைக்குள் அந்தத் தடை பொருந்தாது என்று நீதிமன்றமே விளக்கம் கொடுத்தது. அம்பத்தூர் 2011-லேயே சென்னை மாநகராட்சிக்குள் வந்துவிட்ட ஊர். ஆனால் மனைக்காரருக்கு அதற்குள் வேறு யோசனை வந்திருந்தது: ஓட்டல், அதில் ஒரு காஸ்ட்ரோபப்.

லண்டனில் ‘தி ஈகிள்’ என்ற பழைய மதுக்கடையை 1991-ல் இரண்டு பேர் எடுத்து, நல்ல சாப்பாடு போட்டார்கள். காஸ்ட்ரோபப் என்ற பெயர் ஊரெல்லாம் பரவியது அங்கிருந்துதான் என்பார்கள். சாப்பாட்டு விலை ஏறியதில் அங்கேயும் பழைய ஆட்களுக்கு வருத்தம் உண்டு. இருந்தாலும் பழைய வாடிக்கைக்காரன் உள்ளே போய் ஒரு பீரை மட்டும் வாங்கி ஓரமாக நிற்க முடியும். நம் ஊரில் லைசென்ஸே ஆளைப் பிரித்துவிடுகிறது. கிளப்புக்கு எஃப்.எல்.2, ஓட்டலுக்கு எஃப்.எல்.3, மிச்சப் பேருக்கு டாஸ்மாக். நடுவில் ஒரு சாதாரண, சுத்தமான, நாலு பேர் உட்கார்ந்து பேசுகிற மதுக்கடைக்குச் சட்டத்தில் இடம் இல்லை. அதனால்தான் இங்கே தொட்டுக்கொள்ள வைத்தது மட்டும் லிப்ட் ஏறி மூன்றாவது மாடிக்குப் போய்விட்டது. தொட்டுக்கொண்டவன் பகல் பன்னிரண்டு மணிக்கு வேறொரு தெருவில் வரிசையில் நிற்கிறான்.

புது இடத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை என்பதும் நிஜம். மூன்று பெண்கள் ஆபீஸ் பேட்ஜைக் கழுத்தில் மாட்டியபடி பீர் குடித்துக்கொண்டு மேனேஜரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கழிவறையில் கை துடைக்க டவல் இருந்தது. எங்கள் பாரில் கழிவறையே இல்லை, பின்சுவர்தான்.

போட்டி வந்தது. பீங்கான் தட்டுக்கு மேல் வாழையிலைத் துண்டு, அதன் மேல் பத்துப் பன்னிரண்டு துண்டு, ஓரத்தில் ஊறுகாய் வெங்காயம். மிளகு தூக்கலாக இருந்தது. பையன் ஒரு துண்டைக் கடித்துவிட்டு, “இது என்ன பார்ட் மாமா?” என்று கேட்டான். சொன்னேன். மிச்சத்தை என் பக்கம் தள்ளினான். பில் இரண்டு தாளாக வந்தது, சாப்பாட்டுக்கு ஜி.எஸ்.டி. போட்டு ஒன்று, சரக்குக்கு வாட் போட்டு ஒன்று. அவன் போனில் கட்டினான்; மொத்தம் எவ்வளவு என்று காட்டவில்லை.

டர்னர் அண்ணன் இப்போது திருநின்றவூரில் மகள் வீட்டில் இருக்கிறார். சர்க்கரை வந்து குடியை விட்டாயிற்று. மறுநாள் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்: ஓட்டல், சுவரில் சைக்கிள், விளக்கில் பல்சக்கரம், பன்னிரண்டு துண்டு 345 ரூபாய் என்று. விலைக்கு அவர் அசரவே இல்லை.

“அது கெடக்கட்டும்பா. கழுவுனானா?”